கழுவித் துடைக்கும் முன் கணக்கெடுப்போம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று காவிரி டெல்டாவில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். உச்சமான 120 அடிக்கு எவ்வளவு குறைகிறது, நீர்வரத்து எத்தனை கன அடி, ஜூன் 12-ல் திறப்பார்களா, திறந்தால் குறுவைக்குத் தாங்குமா என்ற கணக்கெல்லாம் டீக்கடைப் பெஞ்சிலேயே முடிந்துவிடும். 1934-ல் அணை பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டே வந்ததால்தான் இன்றைய நீர்மட்டத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் எண். காவிரி வழக்கும் இதைத்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தது. 1892, 1924 ஒப்பந்தங்களும் பல பத்தாண்டுகளின் நீரளவுப் பதிவுகளும் 1990-ல் அமைந்த நடுவர் மன்றத்தில் அலசப்பட்டன. கர்நாடகம் தரவேண்டியது 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தபோதும் அந்தப் பதிவுகளே அடிப்படையாக இருந்தன. குறித்து வைத்தவர்களுக்கே வாதாட இடம் கிடைக்கிறது. இதை இவ்வளவு தெளிவாக அறிந்த ஒரு மண், தன் காற்றின் கணக்கையும் கல்லின் கணக்கையும் தானாகவே எழுதிவரும் ஓர் உயிரினத்தை இதுவரை முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த உயிரினம் லைக்கன். சமையலறையில் பட்டை, கிராம்புடன் சேர்த்துத் தாளிக்கிற கல்பாசி ஒரு லைக்கன்தான். மலைப்பகுதியில் மரத்திலும் பாறையிலும் படர்ந்ததைச் சுரண்டிக் காயவைத்து விற்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று பார்க்கும் லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கனிலிருந்தே வந்தது. டெல்டாவில் இவற்றின் உறவினர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தென்னை மரத்தின் தண்டில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பவை, மாமரப் பட்டையில் கறுப்புக் கோடுகள் கிறுக்கியதுபோல் தெரிபவை, கோயில் மதிலில் வட்டம் வட்டமாகப் படர்ந்திருப்பவை எல்லாம் பெரும்பாலும் லைக்கன்களே. மரத்துக்கு வந்த நோய் என்றும் சுவரில் படிந்த அழுக்கு என்றும் அவற்றை நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு திட்டும் ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டிக்கொடுக்கிறது; பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. இந்தக் கூட்டுக்கு வேர் கிடையாது. இலைகளின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. மழையிலும் பனியிலும் தூசியிலும் காற்றிலும் வருவதே அதற்கு ஊட்டம். நல்லது வந்தாலும் நஞ்சு வந்தாலும் மறுக்க வழியில்லாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

லைக்கன் காற்றின் அளவுகோலாக ஆனதற்குக் காரணம் இந்த வாங்கிக்கொள்ளும் குணம்தான். 1866-லேயே நைலாண்டர் என்ற ஆய்வாளர் பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் தழைத்திருந்த லைக்கன்கள் நகரின் மற்ற பகுதிகளில் இல்லை என்பதைக் கவனித்து, காற்றின் தூய்மைக்கு அவை சாட்சி என்று எழுதினார். நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு எந்த லைக்கனை முதலில் கொல்லும், எது கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்று வரிசைப்படுத்தி, ஹாக்ஸ்வொர்த், ரோஸ் ஆகிய இருவர் 1970-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஓர் அளவுமுறை வகுத்தார்கள். மரத்தண்டைப் பார்த்தே அந்த ஊர்க் காற்றில் எவ்வளவு கந்தகம் என்று மதிப்பிட முடிந்தது. நெதர்லாந்தில் கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியா எந்த வட்டாரத்தில் கூடுகிறது என்பதை, நைட்ரஜனை விரும்பும் லைக்கன்கள் பெருகுவதையும் அதைத் தாங்காதவை மறைவதையும் வைத்துத் தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள்.

நெல் விளையும் ஊருக்கு இந்தக் கடைசிச் செய்தி மிக நெருக்கமானது. தேங்கிய நீரில் யூரியாவைத் தெளித்தால், அதன் ஒரு பங்கு பயிருக்குப் போய்ச் சேராமல் அம்மோனியாவாக ஆவியாகிவிடுகிறது. நண்பகல் வெயிலில் வயல்நீரின் பாசிகள் வேகமாக வளரும்போது நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது இழப்பு இன்னும் அதிகம். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும் நிலத்தில் பல பத்தாண்டுகளாக யூரியா கொட்டப்பட்டு வருகிறது. வயலை விட்டுப் போனது எங்கே படிந்தது? வரப்போரத் தென்னையின் தண்டிலும் ஒரு பகுதி படிந்திருக்கும். அங்கே எந்த லைக்கன்கள் பெருகின, எவை காணாமற்போயின என்பது தெரிந்தால், உர மேலாண்மையைப் பற்றி விவசாயியிடமும் வேளாண் துறையிடமும் பேசுவதற்கு உள்ளூர்ச் சான்று கிடைக்கும். சமவெளியில் பரவலாகக் காணப்படும் பைக்சின் கோகோயிஸ் என்ற லைக்கனின் பெயரிலேயே தென்னை இருக்கிறது. இந்திய நகரங்களில் காற்றின் உலோக மாசை அளக்க ஆய்வாளர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து மரத்திலும், ஆலைப் புகை படும் மரத்திலும், உள்ளடங்கிய கிராமத்து மரத்திலும் அதே இனத்தைச் சேகரித்து ஒப்பிட்டால் போதும். ஒரு மாவட்டத்தின் காற்றைப் பற்றி இயந்திரம் இல்லாமலே நிறையச் சொல்ல முடியும்.

இன்று ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதாதா, உலர்த்தி உறையிலிட்டு ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். காத்து வைத்த பொருளிடம் பிற்காலம் புதிய கேள்விகளைக் கேட்கும் என்பதே விடை. ஸ்வீடனில் ரூலிங், டைலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஹெர்பேரியங்களில், அதாவது உலர்தாவரக் காப்பகங்களில், கிடந்த பாசிச்செடி மாதிரிகளை எடுத்து ஈயத்தை அளந்து 1968-ல் வெளியிட்டார்கள். தொழிற்புரட்சியின் நிலக்கரியும் பிறகு மோட்டார் பெட்ரோலும் காற்றில் ஈயத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றின என்பது அந்தக் காகித உறைகளுக்குள்ளேயே பதிவாகியிருந்தது. பிரிட்டனில் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் 1967-ல், பழைய சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டை ஓடுகளைப் புதியவற்றுடன் ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவந்ததைக் காட்டினார். டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிரான வாதத்தில் அது பெரும் சான்றாயிற்று. முட்டைகளைச் சேகரித்தவர்களுக்கு டி.டி.டி. என்றால் என்னவென்றே தெரியாது. பாசிச்செடியை உலர்த்தியவர்கள் ஈயத்தைப் பற்றி யோசித்ததில்லை. இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தவறாமல் எழுதி வைத்தார்கள். அதனால்தான் அவர்கள் அறியாத கேள்விக்கும் அவர்களின் பெட்டியில் விடை இருந்தது.

இப்படிச் சேகரித்துக் காக்கும் மரபு டெல்டாவுக்கு அன்னியமானதல்ல. இந்தியாவின் நவீனத் தாவரவியல் வேரூன்றிய இடங்களில் தரங்கம்பாடி ஒன்று. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-ல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவராக நாம் அறிந்த ராட்லர், மிஷன் மருத்துவர் கிளைன், ஹைன் ஆகியோரும் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராட்லரின் தொகுப்பு கடைசியில் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தைச் சேர்ந்தது. கிளைன் அனுப்பிய மாதிரிகள் பெர்லினில் வில்டெனோ என்ற தாவரவியலாளரின் தொகுப்பில் இருக்கின்றன. அதே காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, சரசுவதி மகாலில் சுவடிகளைச் சேர்த்ததோடு, தன்வந்திரி மகாலில் மருந்து ஆய்வை நடத்தவும் செடிகளையும் பறவைகளையும் ஓவியமாக வரையவும் ஏற்பாடு செய்தார். ஆக, இந்த மண்ணில் ஆர்வமும் இருந்தது, கையும் இருந்தது. ஆனால் அந்த ஆர்வம் பெரும்பாலும் பூக்கும் செடிகளைச் சுற்றியே நின்றது. சேகரித்தவற்றில் பெரும்பகுதி கப்பலேறியும் போய்விட்டது. இன்று தரங்கம்பாடிச் செடி ஒன்றை ஆராய விரும்பும் மாணவர் ஐரோப்பிய நகரங்களின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. லைக்கன்களுக்கோ அந்தக் கதவுகூட அகலமாகத் திறந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெல்டாவின் தலைவாசலான திருச்சியில் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் 1967-ல் தொடங்கியது. அதை உருவாக்கிய மேத்யூ பாதிரியார் 1980-களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களின் கையேடு. ஆனால் அது பூக்கும் தாவரங்களுக்கான நூல். லைக்கன் ஆய்வின் மையம் லக்னோவில் உருவானது. இந்திய லைக்கனியலின் தந்தை என்று மதிக்கப்படும் தரணி தர் அவஸ்தியும் அவர் வழிவந்தவர்களும் வளர்த்த தொகுப்பு அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 2010-ல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பட்டியல் நாடு முழுவதும் 2,303 லைக்கன் இனங்களைக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இந்த ஆய்வு பெரும்பாலும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையேறியது. அங்கேதான் இனங்கள் அதிகம் என்பதால் அது இயல்பு. சமவெளியில் சென்னை கிண்டிக் காட்டைப் போலச் சில இடங்களே கவனம் பெற்றன. டெல்டாவைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க முயற்சி, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வாளர்களும் லக்னோ ஆய்வாளர்களும் சேர்ந்து பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் லைக்கன்களைப் பட்டியலிட்டு 2012-ல் வெளியிட்ட ஆய்வு. உப்பங்காற்றிலும் சேற்றிலும் நிற்கும் மரங்களின் மேல் ஒரு தனி உலகம் இருப்பதை அது காட்டியது.

அந்த ஆய்வின் அருமை ஆறே ஆண்டுகளில் விளங்கிவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கோடியக்கரைக் காடும் முத்துப்பேட்டை அலையாத்தியும் குலைந்தன. சாய்ந்த மரங்களுக்கு அரசு கணக்கெடுத்தது, இழப்பீடு வழங்கியது. அந்த மரங்களோடு போன லைக்கன்களில் முத்துப்பேட்டையைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒரு பழைய பட்டியலாவது இருக்கிறது. இன்று அதே காட்டுக்குப் போய் எது திரும்பி வந்திருக்கிறது, எது வரவில்லை என்று ஒப்பிடலாம். பேராவூரணித் தோப்புகளைப் பற்றி அப்படிக் கேட்கவே வழியில்லை. ஆறு ஆண்டுகள் முன்னதாக ஒரு குழு ஒரு காட்டுக்குப் போனதா இல்லையா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. வங்கக் கடலில் அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வருமுன் தோப்பில் இருப்பதைக் குறித்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

டெல்டாவின் லைக்கன்களுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு சிறப்பும் உண்டு. இது வண்டல் பூமி. தஞ்சைக்குக் கிழக்கே கடல்வரை நடந்தாலும் தானாக முளைத்த பாறை ஒன்றைக் காண்பது அரிது. கல்லில் மட்டுமே வாழும் லைக்கன்களுக்கு இங்கே இயற்கை கொடுத்த வீடு இல்லை. அந்த வீட்டைக் கொடுத்தவர்கள் சோழர்கள். செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவி, கோனேரிராசபுரம் போன்ற ஊர்களில் கோயில் எடுத்தபோது, வயல்களின் நடுவே ஒரு சிறு பாறைக்குன்றையும் நட்டுவைத்தார். 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலை நிறைவு செய்த ராஜராஜன், வேறிடத்துக் கருங்கல்லை அடுக்கி, வண்டலின் மேல் ஒரு மலையையே எழுப்பினான். கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் பிறகு எழுந்த மலைகள். உயிரியல் கண்ணோடு பார்த்தால், நெல் என்னும் கடலில் இவை பாறைத் தீவுகள். ஒவ்வொரு தீவும் எப்போது தோன்றியது என்பதை அதன் கல்வெட்டே சொல்கிறது. எந்த லைக்கன் எவ்வளவு தொலைவு காற்றில் வந்து இந்தத் தீவுகளில் குடியேறியது, பழைய தீவிலும் புதிய தீவிலும் ஒரே கூட்டம்தான் இருக்கிறதா என்பன உலகின் எந்த உயிரியலாளரும் கேட்க விரும்பும் கேள்விகள். விடையைத் தேட ஓர் இனப்பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை நிரூபிக்க மாதிரிகள் வேண்டும்.

இங்கே எழும் எதிர்ப்பு வலுவானது. லைக்கன்கள் கல்லை அரிக்கின்றன. சிற்பத்தின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் மங்கச் செய்கின்றன. அவற்றைக் கழுவி நீக்குவதுதான் கடமை, சேர்த்து வைத்துப் போற்றுவதா என்று கல்வெட்டு அன்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல லைக்கன்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அவற்றின் பூஞ்சை இழைகள் கல்லின் துகள்களுக்கிடையே நுழைகின்றன. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது மேற்பரப்பு உரிகிறது. ஆனால் எல்லா லைக்கனும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. சில ஆழமாக ஊடுருவும். சில மேலோட்டமாக ஒட்டியிருக்கும். சில இடங்களில் அவற்றின் படலமே மழை நேராகத் தாக்காமல் கல்லைக் காப்பதாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எதிரில் இருப்பது எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் நமக்கு வேண்டாம். தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு அம்மோனியாவும் சோப்புக் கரைசலும் கொண்டு கழுவி, பாசிக்கொல்லி பூசி, நீரை விலக்கும் பூச்சும் கொடுக்கிறது. சில ஆண்டுகளில் சுவர் மறுபடி கறுக்கிறது. எந்த இனம் முதலில் திரும்பி வருகிறது, எந்த மருந்துக்கு எது அடங்குகிறது என்ற பதிவு இருந்தால் அடுத்த சுத்திகரிப்பு நுட்பமாகும். ஒரு காலத்தில் திருப்பணியின் பேரில் மணலைப் பீய்ச்சிக் கோயில்களைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு எழுத்தும் போனது. சுவரில் இருப்பதை அறியாமல் சுவரைத் தொட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. எனவே கல்லைக் காப்பதும் லைக்கனைக் கணக்கெடுப்பதும் எதிரெதிர் வேலைகள் அல்ல. கழுவும் நாளில் சுரண்டி எறியப்படுவதில் ஒரு சிட்டிகையை உறையிலிட்டு, எந்தச் சுவர், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாக நடந்துவிடும். 2020 பிப்ரவரி 5-ல் பெரிய கோயிலுக்கு 23 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்கு நடந்தது. ஊர் ஊராக அடுத்தடுத்த திருப்பணிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு. தவறவிட்டால் ஓர் இழப்பு.

சேகரிப்பு என்பது கைக்கு எட்டாத அறிவியல் அல்ல. உளி, சுத்தியல், கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், காகித உறைகள், பென்சில் ஆகியவை போதும். மரத்தில் என்றால் உயிருள்ள உட்பட்டையைத் தொடாமல் மேற்பட்டையை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். உறையின் மேல் சேகரிப்பு எண், நாள், ஊர், அலைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, என்ன மரம், தண்டின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, பக்கத்தில் வயலா சாலையா என்றெல்லாம் அங்கேயே நின்று எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று ஒத்திப்போட்டால் அந்த மாதிரிக்கு மதிப்பு போய்விடும். செடியைப் போல அழுத்தத் தேவையில்லை. நிழலில் உலர்த்தி, பூச்சிகள் சாக உறைபதனப் பெட்டியில் சில நாள் வைத்து எடுத்தால் பல தலைமுறைக்கு நிற்கும். பிறகுதான் உண்மையான வேலை. பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வித்துகளின் நிறத்தையும் அறைகளையும் பார்க்க வேண்டும். எரிபொட்டாஷ் கரைசலையும் வெளுப்புத்தூள் கரைசலையும் ஒரு சொட்டு வைத்து, மஞ்சளாகிறதா, சிவக்கிறதா, மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். புறஊதா விளக்கில் ஒளிர்கிறதா என்று காண வேண்டும். சேகரிப்பு, உலர்த்தல், சொட்டுச் சோதனை எல்லாம் தாவரவியல் பட்டப்படிப்பு மாணவர் கற்றுக்கொள்ளக்கூடியவை. பெயரை உறுதி செய்ய மட்டும் நிபுணர் வேண்டும்.

அலைபேசியில் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினால் போதாதா என்பது இக்காலத்துக் கேள்வி. படம் பயனுள்ளது, எங்கே தேட வேண்டும் என்று அது காட்டும். ஆனால் டெல்டாவில் மிகுந்திருப்பவை மேலோட்டமாக ஒட்டிக் கிடக்கும் படல லைக்கன்கள். மேலே பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சாம்பல் திட்டுகள், வித்தைப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு பேரினமாக இருக்கும். வித்தையும் வேதிப்பொருளையும் படத்தில் காண முடியாது. பத்து ஆண்டு கழித்து ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உறையில் மாதிரி இருந்தால் எடுத்துப் பார்த்துச் சரியான பெயரை எழுதலாம். படம் மட்டும் இருந்தால் பழைய பெயரையும் நம்ப முடியாது, புதிய பெயரையும் இட முடியாது. ஈயமோ காட்மியமோ எவ்வளவு இருந்தது என்று படத்தைக் கேட்கவும் முடியாது.

சேகரிப்பதே அழிப்பு ஆகாதா என்ற அச்சத்தையும் மதிக்க வேண்டும். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். தலமரத்தின் பட்டையில் இருப்பது பல பத்தாண்டு வளர்ச்சியாக இருக்கலாம். அதனால் கட்டுப்பாடு தேவை. ஓரிடத்தில் ஏராளமாக இருந்தால் மட்டும் சிறு துண்டு எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் படமும் குறிப்பும் போதும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் உளி படவே கூடாது. தொல்லியல் துறை அனுமதியோடு, அவர்கள் நீக்கும்போது விழுவதை மட்டும் எடுக்க வேண்டும். கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறை அனுமதி வேண்டும். திருவிடைமருதூர் மருதத்தைப் போன்ற தலமரங்களில் கோயிலாரின் ஒப்புதலோடு உதிர்ந்த பட்டையை மட்டும் பொறுக்க வேண்டும். புயலில் சாய்ந்த மரம், சாலைக்காக வெட்டிய புளியமரம், தோப்பில் முதிர்ந்து நீக்கிய தென்னை ஆகியவை யாருக்கும் நட்டமில்லாத சுரங்கங்கள். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டப்பட்ட புளியமரங்கள் நேராக அறுவை மில்லுக்குப் போயின. ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்தச் சாலையின் காற்று வரலாறு உறைகளில் தங்கியிருக்கும்.

லக்னோவில் நல்ல காப்பகம் இருக்கும்போது டெல்டாவில் எதற்கு இன்னொன்று என்றும் கேட்கலாம். லக்னோவின் அறிவு நமக்கு வேண்டும். பெயரிடுவதற்கு அவர்களிடமே போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் இரட்டைப்படி எடுத்து ஒன்றைப் பெரிய காப்பகத்துக்கு அனுப்பி, ஒன்றை ஊரில் வைப்பதே உலக வழக்கம். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தபோது, எரிந்தவற்றில் வேறு நாடுகளில் இரட்டைப்படி இருந்தவற்றுக்கே சான்று மிஞ்சியது. நம்மிடமே வேறொரு பாடமும் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல காலம் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. தன் ஊரின் சான்றைக் காண மாணவர் நெடுந்தொலைவு போக நேர்ந்தால், போகிறவர் சிலரே இருப்பார்கள். கும்பகோணத்தில், பூண்டியில், மயிலாடுதுறையில் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றுள் ஒன்றில் ஈரம் புகாத அறை, எஃகு அலமாரிகள், ஒரு நுண்ணோக்கி, பட்டியலைப் பராமரிக்க ஒரு முழுநேரப் பணியாளர் என்று தொடங்கலாம். மற்ற படிகள் லக்னோவுக்கும் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டலக் காப்பகத்துக்கும் போகட்டும்.

கடைசியாக, டெல்டா விவசாயிக்குத் தண்ணீர் இல்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது, இந்த நேரத்தில் சுவரில் ஒட்டியதை எண்ணுவதா என்ற குமுறல் வரும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. லைக்கனுக்காகக் கொள்முதலில் ஒரு ரூபாயைக் குறைக்க யாரும் கேட்கவில்லை. மேலே சொன்ன ஏற்பாடு ஒரு கல்லூரித் துறையின் அளவுதான். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் லைக்கனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் செலவே இல்லை. தவிர, இந்தக் கணக்கு விவசாயியின் பக்கமே நிற்கும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. நாளை ஓர் ஆலை தன் காற்று சுத்தமானது என்று சொன்னால், பக்கத்து ஊர்க்காரர் எதைக் காட்டி மறுப்பார்? ஆலை வருமுன் அந்த ஊர்த் தென்னையில் இருந்த லைக்கனும், வந்தபின் இருக்கும் லைக்கனும் தேதியிட்ட இரண்டு உறைகளில் இருந்தால், யாரும் மறுக்க முடியாத சான்று அவர் பக்கம் இருக்கும். ஆலை சொல்வது உண்மையென்றால் அதையும் அந்த உறைகளே உறுதி செய்யும்.

ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவற்றை வாயால் சொல்லிவிட்டு விடவில்லை. ஒவ்வொரு திருமேனியின் உயரம், ஒவ்வொரு அணியின் எடை, 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வரிசையில் குடியிருந்தார்கள் என்பதுவரை கல்லில் வெட்டச் செய்தான். அந்தக் கோயிலே ஒரு பட்டியல். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்து அந்தத் தெருக்களை நாம் மனத்தில் நடந்துபார்க்க முடிகிறது. அதே கல்லின் மேல் குடியிருக்கும் உயிர்களுக்கு அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கையாவது நாம் கொடுக்கலாம். ஐப்பசி அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களில் லைக்கன்கள் ஈரம் குடித்து நிறம் தெளிந்து நிற்கும். தேடிச் சேகரிக்க அதுவே நல்ல பருவம். கல்லூரிகளும் தொல்லியல் துறையும் வனத்துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி, தை பிறக்கும்போது முதல் உறையில் ஊர்ப்பெயரையும் நாளையும் எழுதத் தொடங்கலாம். அறுவடையான நெல்லை அளந்து எழுதிவைக்கும் மாதத்தில் இந்தக் கணக்கும் தொடங்கட்டும்.